நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ரூட்டரை அப்டேட் செய்யத்தான் வேண்டுமா?

மின்மினி:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு வைஃபை ரூட்டர் வாங்கி நான்கைந்து வருடம் இருக்கும். இதுவரை பெரிய தொந்தரவு எதுவும் கொடுத்ததில்லை. கொஞ்ச நாளாக அதன் மொபைல் ஆப்பைத் திறக்கும்போதெல்லாம் ‘புதிய ஃபர்ம்வேர் வந்திருக்கிறது’ என்று சிவப்புப் புள்ளி காட்டுகிறது (ரூட்டருக்குள் ஓடும் மென்பொருளுக்குத்தான் அந்தப் பெயராம்). என்ன மாற்றியிருக்கிறார்கள் என்று பார்த்தால் ‘பாதுகாப்பு மேம்பாடுகள், சில பிழைத் திருத்தங்கள்’ என்று ஒரே வரி.

நானும் கணவரும் வீட்டிலிருந்தே வேலை செய்கிறோம். மாமியார் மருத்துவரோடு பேசுவதுகூட வீடியோ அழைப்பில்தான். அப்டேட் பாதியில் நின்று பெட்டி செத்துப்போனால் எல்லாமே நின்றுவிடும். தம்பி ‘உடனே போட்டுவிடு’ என்கிறான். அலுவலகத்தில் ஒருவர் ‘ஓடுகிற வரைக்கும் ஓடட்டும், நோண்டாதே’ என்கிறார். இரண்டு பேருமே காரணம் சொல்லவில்லை. காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உண்மையிலேயே அவசியமா? அவசியம் என்றால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

கடலோடி:

நான் அந்த அலுவலக நண்பர் கட்சி. என் காரணத்தைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டு ரூட்டருக்கு ஒரு அப்டேட் போட்டேன். வெற்றிகரமாகத்தான் முடிந்தது. ஆனால் அதற்குப் பிறகு பழைய பிரிண்டரும் ஒரு கேமராவும் வைஃபையில் சேர மறுத்தன. 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டையும் ஒரே பெயரில் சேர்த்துவிட்டது புதிய பதிப்பு. அதைப் பிரித்து வைக்க வேண்டும் என்று கண்டுபிடிப்பதற்குள் ஒரு வாரக் கடைசி போய்விட்டது. பழைய பதிப்புக்குத் திரும்பலாம் என்றால் கம்பெனி அந்த வழியையே அடைத்துவிட்டிருந்தது.

ரூட்டர் என்பது மூலையில் கிடக்கும் பெட்டி. அதில் நாம் புதிதாக எதையும் நிறுவுவதில்லை, இணையதளம் திறப்பதில்லை, மின்னஞ்சல் இணைப்பைத் தட்டுவதில்லை. கணினிக்கும் போனுக்கும் அப்டேட் வேண்டும் என்பது புரிகிறது. தானாக எதுவுமே செய்யாத பெட்டிக்கு எதற்கு?

நூலேணி:

கடலோடி அண்ணா சொன்ன தொந்தரவு உண்மையான தொந்தரவு. அப்டேட்டால் ஏதாவது கெடும் என்ற பயத்தை யாரும் அலட்சியம் செய்யக் கூடாது. ஆனால் ‘தானாக எதுவுமே செய்யாத பெட்டி’ என்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. நான் நெட்வொர்க் பராமரிப்பு வேலையில் இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வீட்டில் இணையத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நிற்பது ரூட்டர் ஒன்றுதான். உள்ளே ஓடுவது பெரும்பாலும் லினக்ஸ். அதற்கு மேல் ஒரு வெப் சர்வர் (நாம் திறக்கும் அட்மின் பக்கம்), டிஎன்எஸ் (இணையதளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது), டிஹெச்சிபி, யூபிஎன்பி என்று ஏழெட்டு நிரல்கள். ஒவ்வொன்றையும் யாரோ எப்போதோ எழுதியிருக்கிறார்கள், ஒவ்வொன்றிலும் ஓட்டை இருக்க வாய்ப்பு உண்டு. நாம் எதையும் தட்ட வேண்டியதில்லை. நாள் முழுக்க இணைய முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும் தானியங்கி நிரல்கள் ஏராளம். உங்கள் பெட்டி பதில் சொன்னால் போதும்.

எனக்கு மறக்கவே முடியாத உதாரணம் 2014 டிசம்பரில் செக் பாயிண்ட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது. ராம்பேஜர் என்ற சின்ன வெப் சர்வர் நிரலை நிறைய ரூட்டர் கம்பெனிகள் வாங்கித் தங்கள் பெட்டிக்குள் வைத்திருந்தன. அதில் ஒரு குக்கீயை (பிரவுசர் இணையதளத்துக்கு அனுப்பும் சிறு குறிப்பு) கோணலாக அனுப்பினால் பாஸ்வேர்டே இல்லாமல் நிர்வாக அதிகாரம் கிடைத்துவிடும். ‘மிஸ்ஃபார்ச்சூன் குக்கீ’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 1 கோடியே 20 லட்சம் பெட்டிகளில் அந்த ஓட்டை இருந்தது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், நிரலை எழுதிய நிறுவனம் அந்த ஓட்டையை 2005-லேயே அடைத்துவிட்டது! திருத்தம் கைவசம் இருந்தும் ஒன்பது வருடமாக அது வீடுகளுக்கு வந்து சேரவில்லை. அந்தப் பெட்டிகள் எல்லாமே ‘நன்றாக ஓடிக்கொண்டிருந்தவை’தான்.

திருத்தம் வெளியான பிறகு நாள் கடத்துவது இன்னும் ஆபத்து. கம்பெனி புதிய ஃபர்ம்வேரை வெளியிட்ட அன்றே பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒப்பிட்டு, எந்த இடம் மாறியிருக்கிறது என்று தாக்குபவர்களும் பார்த்துவிடுவார்கள். ஓட்டை எங்கே இருந்தது என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும். டிபி-லிங்க் ஆர்ச்சர் ஏஎக்ஸ்21 ரூட்டரில் ஒரு ஓட்டைக்கு 2023 மார்ச்சில் திருத்தம் வந்தது. ஏப்ரலிலேயே மிராய் வகை நிரல்கள் (ரூட்டர், கேமரா போன்றவற்றுக்குள் தானாகப் பரவும் தீய நிரல்கள்) அதே ஓட்டை வழியாக, திருத்தம் போடாத பெட்டிகளுக்குள் புகுந்துகொண்டிருந்தன. ஆக, மின்மினி, அந்தச் சிவப்புப் புள்ளியைத் தள்ளிப்போடாதீர்கள்.

கடலோடி:

நீளமாக எழுதியதற்கு நன்றி சகோதரி. ஒரு கேள்வி. வெளியிலிருந்து அட்மின் பக்கத்தைத் திறக்கும் வசதியை நான் எப்போதோ அணைத்துவிட்டேன். யாராவது வெளியிலிருந்து தட்டினாலும் பதில் போகாது. அப்படியிருக்க எனக்கு என்ன வந்துவிடும்?

வலைப்பொறி:

இதற்கு நான் பதில் சொல்கிறேன். நீங்கள் செய்தது மிகச் சரியான வேலை அண்ணா. வீட்டு ரூட்டர் மீதான தாக்குதல்களில் பெரும்பகுதி அந்த ஒரே அமைப்பில் அடிபட்டுப்போகும். இதைப் படிக்கிற ஒவ்வொருவரும் இன்றே அதை அணைக்க வேண்டும், அப்டேட் செய்தாலும் சரி, செய்யாவிட்டாலும் சரி.

ஆனாலும் வேறு வழிகள் இருக்கின்றன. முதல் வழி உங்கள் வீட்டு பிரவுசர். நீங்கள் ஏதோ ஒரு இணையதளத்தைத் திறக்கிறீர்கள். அந்தப் பக்கத்தில் ஒளிந்திருக்கும் நிரல், உங்கள் பிரவுசரை விட்டே 192.168.1.1 போன்ற உள் முகவரிக்கு ஒரு கட்டளை அனுப்ப வைக்கும். ரூட்டரைப் பொறுத்தவரை அது வீட்டுக்குள்ளிருந்து வரும் கட்டளை. ஃபர்ம்வேரில் அதற்கான தடுப்பு இல்லையென்றாலோ, அட்மின் பாஸ்வேர்ட் பெட்டியோடு வந்ததாகவே இருந்தாலோ, டிஎன்எஸ் முகவரியை மாற்றிவிடலாம். பிறகு வங்கியின் முகவரியை நீங்கள் சரியாகவே தட்டச்சு செய்தாலும் போய்ச் சேருவது போலிப் பக்கத்துக்கு. 2018-ல் தெரியவந்த ஒரே தாக்குதலில் டிஎன்எஸ் மாற்றப்பட்ட ரூட்டர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல், பெரும்பாலானவை பிரேசிலில்.

இரண்டாவது, நீங்கள் அணைக்க முடியாத கதவுகள். இணைப்பு கொடுக்கும் நிறுவனம் தூரத்திலிருந்து பெட்டியை நிர்வகிக்க டிஆர்-069 என்று ஒரு முறை உண்டு, 7547 என்ற போர்ட்டில் (இணைப்பு வந்து சேரும் எண்ணிட்ட வாசல்) காத்திருக்கும். 2016 நவம்பரில் ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாம் வாடிக்கையாளர்கள் ஏறத்தாழ 9 லட்சம் பேருடைய ரூட்டர்கள் முடங்கின. மிராயின் ஒரு வகை அந்த போர்ட்டைக் குறிவைத்து அலைந்ததன் விளைவு அது. அந்தப் பெட்டிகளுக்குள் நிரல் புகவே இல்லை. புக முயன்ற அடியிலேயே பெட்டிகள் தடுமாறி விழுந்தன. அட்மின் பக்கத்தின் அமைப்புக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது.

மூன்றாவது வைஃபையே. 2017-ல் க்ராக், 2021-ல் ஃப்ராக்அட்டாக்ஸ் என்று இரண்டு முறை வைஃபை அமைப்பிலேயே ஓட்டைகள் தெரியவந்தன. இரண்டையும் கண்டுபிடித்தவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆய்வாளர் மாத்தி வான்ஹூஃப். இவற்றுக்குத் தாக்குபவர் உங்கள் வீட்டு அலை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், அதனால் சாதாரண வீட்டுக்கு ஆபத்து குறைவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். பயமுறுத்துவது என் நோக்கமில்லை.

மின்மினி:

நூலேணி அக்கா, வலைப்பொறி, இருவருக்கும் நன்றி. இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. இன்னொரு சந்தேகம். எங்கள் வீட்டில் அப்படி என்ன இருக்கிறது? ஒரு சாதாரணக் குடும்பத்தின் ரூட்டரை யார் தேடிப்பிடிக்கப் போகிறார்கள்? பிடித்தாலும் எங்களுக்குத் தெரியாமலா போகும்?

நூலேணி:

தெரியாமல்தான் போகும். அதுதான் எனக்கு மிகவும் கவலை தருகிற விஷயம்.

உங்கள் வீட்டுக் கோப்புகள் அவர்களுக்கு வேண்டாம். வேண்டியது உங்கள் முகவரி. ஒரு குடும்பத்தின் இணைய முகவரியிலிருந்து வரும் போக்குவரத்தை எந்த வங்கியும் எந்த இணையதளமும் எளிதில் சந்தேகப்படாது. அதனால் பிடிபட்ட ரூட்டர்களைச் சேர்த்து ‘ப்ராக்ஸி’ என்று வாடகைக்கு விடுகிறார்கள். யாரோ ஒருவர் எங்கோ இருந்து செய்யும் மோசடி, உங்கள் வீட்டிலிருந்து நடந்ததுபோல் பதிவாகும். 2025 மே மாதம் அமெரிக்காவின் எஃப்பிஐ இதைப் பற்றியே எச்சரிக்கை விட்டது. எனிப்ராக்ஸி, 5சாக்ஸ் என்ற இரண்டு சேவைகளை அப்போது முடக்கினார்கள். அவற்றுக்குள் மாட்டியிருந்தவை ஆதரவுக் காலம் முடிந்த பழைய ரூட்டர்கள்.

பெரிய விளையாட்டும் உண்டு. பிடிபட்ட சாதனங்களை ஒரே கட்டுப்பாட்டில் சேர்த்து வைத்திருக்கும் கூட்டத்தை பாட்நெட் என்பார்கள். 2024 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறை கேவி பாட்நெட் என்ற ஒன்றைக் கலைத்ததாக அறிவித்தது. வோல்ட் டைஃபூன் என்று அழைக்கப்படும், சீன அரசோடு தொடர்புடையதாகக் குற்றம்சாட்டப்படும் குழு, முக்கியக் கட்டமைப்புகளுக்குள் நுழையும்போது தன் தடத்தை மறைக்க நூற்றுக்கணக்கான சிறு ரூட்டர்களைப் பயன்படுத்தியது. பெரும்பாலானவை சிஸ்கோ, நெட்கியர் பெட்டிகள், அதுவும் கம்பெனி அப்டேட் தருவதை நிறுத்திவிட்டவை. அவற்றை வைத்திருந்த வீடுகளிலும் சிறு கடைகளிலும் நெட் வழக்கம்போல வந்துகொண்டுதான் இருந்தது.

வேகம் குறைகிறதா, விளக்கு விட்டுவிட்டு எரிகிறதா என்று பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. கணினியில் ஆன்டிவைரஸ் இருக்கும். ரூட்டருக்குள் எட்டிப் பார்க்க நம்மிடம் அப்படி எதுவும் இல்லை. நம் கையில் இருப்பது முன்கூட்டியே கதவை அடைப்பது ஒன்றுதான்.

பனித்துளி:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் இருப்பது நாங்கள் வாங்கியதில்லை. ஃபைபர் இணைப்பு கொடுத்த நிறுவனமே வைத்துவிட்டுப் போன பெட்டி. அட்மின் பக்கத்தில் அப்டேட் பொத்தானே இல்லை. ‘எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்வோம்’ என்று வாடிக்கையாளர் சேவையில் சொன்னார்கள். ஃபர்ம்வேர் தேதி மூன்று வருடத்துக்கு முந்தையதாகத் தெரிகிறது. என்ன செய்வது?

வலைப்பொறி:

பொத்தான் இல்லாதது வழக்கம்தான் பனித்துளி. நான் மேலே சொன்ன டிஆர்-069 இருக்கிறதே, அது வழியாக நிறுவனமே ஃபர்ம்வேரைத் தள்ளும். நல்ல நிறுவனம் என்றால் இது வரம், நீங்கள் தூங்கும்போது வேலை முடிந்திருக்கும். கவனிக்காத நிறுவனம் என்றால் உங்கள் கை கட்டப்பட்டிருக்கும்.

தேதி பழையதாக இருப்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது, சில நிறுவனங்கள் பதிப்பு எண்ணை மட்டும் மாற்றுவார்கள். அதனால் மாதிரிப் பெயரையும் பதிப்பு எண்ணையும் குறிப்பிட்டு மின்னஞ்சலில் கேளுங்கள். ‘இந்த மாதிரிக்குக் கடைசிப் பாதுகாப்பு அப்டேட் எப்போது வந்தது, இன்னும் எவ்வளவு காலம் வரும்?’ என்ற ஒரே கேள்வி போதும். போனில் ‘பார்த்துக்கொள்வோம்’ என்று சொல்வது எளிது, எழுத்தில் தேதி சொல்ல வேண்டும் என்றால் யாராவது உண்மையிலேயே பார்க்க வேண்டியிருக்கும். பதில் திருப்தியாக இல்லையென்றால் புதிய பெட்டி கேளுங்கள். பழைய மாதிரியைக் கேட்டவர்களுக்கு மட்டும் மாற்றிக் கொடுக்கும் நிறுவனங்கள் உண்டு.

அதுவும் நடக்கவில்லையா? அவர்கள் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு மாற்றச் சொல்லி, அதன் பின்னால் உங்கள் சொந்த ரூட்டரை வையுங்கள். அப்போது அந்தப் பெட்டி வெறும் மோடமாகிவிடும், வைஃபை, டிஎன்எஸ், ஃபயர்வால் எல்லாம் உங்கள் பெட்டியில். பிரிட்ஜ் கொடுக்க மறுத்தாலும் பின்னால் இன்னொரு ரூட்டர் வைக்கலாம். இரட்டை நாட் ஆகும், அதாவது இரண்டு பெட்டிகளும் தனித்தனியாக முகவரியை மாற்றும், அதனால் சில ஆன்லைன் விளையாட்டுகள் முரண்டு பிடிக்கும். ஆனால் உங்கள் கணினியும் போனும் நீங்கள் அப்டேட் செய்யக்கூடிய பெட்டிக்குப் பின்னால் இருக்கும். எனக்கு அந்தப் பேரம் சரியாகவே படுகிறது.

கடலோடி:

சரி, என் நிலையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். அப்டேட் வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் ‘தானியங்கி அப்டேட்டை இயக்கிவிட்டு மறந்துவிடு’ என்ற அறிவுரை எல்லா இடத்திலும் கிடைக்கிறதே, அதை ஏற்க முடியவில்லை. கம்பெனியின் பொத்தானையும் அவ்வளவு நம்ப வேண்டாம்.

ஏசுஸ் நிறுவனத்தின் மீது அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்டிசி போட்ட வழக்கைப் படித்திருக்கிறேன், 2016 பிப்ரவரியில் உடன்பாட்டில் முடிந்தது. அதிலிருந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று இது. வாடிக்கையாளர் ‘புதிய பதிப்பு இருக்கிறதா’ என்று அட்மின் பக்கத்தில் பொத்தானை அழுத்துவார். பாதுகாப்புத் திருத்தத்தோடு புதிய பதிப்பு வெளியாகியிருக்கும்போதே, ‘உங்களிடம் இருப்பதுதான் புதியது’ என்று பதில் வரும்! அக்கறையோடு பார்த்தவர்களுக்கே அந்த நிலை. 20 வருடத்துக்கு வெளியாரின் பாதுகாப்புத் தணிக்கைக்கு உட்பட வேண்டும் என்று அந்த உடன்பாட்டில் இருக்கிறது.

அதனால்தான் கேட்கிறேன், தானாக நடப்பதை எப்படி நம்புவது?

நூலேணி:

அருமையான உதாரணம் அண்ணா. பொத்தானை மட்டும் நம்பக் கூடாது என்பதில் நானும் உங்கள் பக்கம்தான்.

நான் செய்வதைச் சொல்கிறேன். ஆப்பில் ‘எல்லாம் புதியது’ என்று வந்தாலும், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கம்பெனியின் ஆதரவுப் பக்கத்துக்கே போய் என் மாதிரியைத் தேடுவேன். அங்கே இருக்கும் கடைசிப் பதிப்பு எண்ணும் என் பெட்டியில் இருப்பதும் ஒன்றா என்று பார்ப்பேன். அந்தப் பதிப்பின் தேதியையும் பார்ப்பேன். எண் பொருந்துகிறது, ஆனால் தேதி இரண்டு வருடத்துக்கு முந்தையது என்றால் என்ன அர்த்தம்? பெட்டி புதிதாக இருக்கிறது என்பதல்ல, கம்பெனி வேறு வேலைக்குப் போய்விட்டது என்பதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். பச்சை டிக் போட்டுக் காட்டும் ஆப் இதைச் சொல்லாது.

தானியங்கி அப்டேட் விஷயத்தில் என் கருத்து வேறு. உங்களைப் போல் ரூட்டரை அறிந்து, கவனித்து வருகிறவர் கையால் செய்யலாம். ஆனால் ஊரில் தனியாக இருக்கும் பெற்றோர் வீட்டு ரூட்டருக்கு யார் மாதாமாதம் போய்ப் பார்ப்பார்கள்? அங்கே தானியங்கியை இயக்கி வைப்பதுதான் சரி. ஒரு அப்டேட் பிரிண்டரைத் துண்டிக்கலாம், அது அன்றே தெரிந்துவிடும், சரிசெய்துவிடலாம். ரூட்டர் அடுத்தவன் கைக்குப் போனால் வருடக்கணக்கில் தெரியாது. இந்த இரண்டில் எதைத் தாங்க முடியும் என்று பார்த்தால் எனக்குக் குழப்பமே இல்லை. நேரத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் அதிகாலை மூன்று, நான்கு மணி என்று வைத்துவிடுங்கள்.

மின்மினி:

முடிவு செய்துவிட்டேன், இந்த வாரக் கடைசியில் செய்கிறேன். முன்னால் பின்னால் என்னென்ன கவனிக்க வேண்டும் என்று யாராவது பொறுமையாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

வலைப்பொறி:

முதலில் பெட்டியைத் திருப்பி அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மாதிரிப் பெயருக்குப் பக்கத்தில் வி1, வி2 என்று வன்பொருள் பதிப்பு இருக்கும். ஒரே பெயரில் விற்றாலும் உள்ளே சிப்பே வேறாக இருக்கலாம், வி1-க்கான கோப்பு வி2-க்கு ஆகாது. ஆப் வழியாகச் செய்தால் அதுவே சரியானதை எடுத்துக்கொள்ளும். கையால் கோப்பை இறக்குகிறவர்கள் கம்பெனியின் சொந்தத் தளத்தைத் தவிர வேறெங்கிருந்தும் எடுக்காதீர்கள்.

அடுத்து அட்மின் பக்கத்தில் அமைப்புகளுக்கு பேக்கப் எடுத்து கணினியில் வையுங்கள். அது மட்டும் போதாது. இணைப்புப் பக்கத்தையும் படம் பிடியுங்கள், பிபிபிஓஇ பயனர் பெயர் (நெட் நிறுவனத்தோடு இணையும் கணக்கின் பெயர்), விஎல்ஏஎன் எண் (அந்த இணைப்புக்கான அடையாள எண்) இரண்டும் முக்கியம். அந்தப் பயனர் பெயரின் பாஸ்வேர்ட் திரையில் புள்ளிகளாகத்தான் தெரியும், அதனால் நெட் நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்டேட்டால் பெட்டி செத்துப்போனது என்று நினைக்கிற பலருக்கு உண்மையில் நடந்தது, அமைப்பு அழிந்துபோய்த் திரும்பப் போட விவரம் கையில் இல்லாததுதான்.

செய்யும்போது கணினியை கேபிளில் இணைத்துச் செய்வது நல்லது, வைஃபை நடுவில் அறுந்தால் கோப்பு பாதியில் நிற்கும். யூபிஎஸ் இருந்தால் ரூட்டரை அதில் செருகுங்கள். அழுத்திய பிறகு கையை எடுத்துவிடுங்கள். பத்து நிமிடம் வரைகூட ஆகலாம், விளக்குகள் அணைந்து எரியும், சில முறை தானாக மறுதொடக்கம் ஆகும். இந்த இடத்தில் பொறுமை இழந்து பிளக்கைப் பிடுங்குவதுதான் நிஜமான ஆபத்து. இப்போதைய பல ரூட்டர்களில் ஃபர்ம்வேருக்கு இரண்டு இடம் ஒதுக்கியிருப்பார்கள், புதியது சரியாக எழுதப்படாவிட்டால் பழையதிலிருந்தே எழுந்துகொள்ளும். எல்லாப் பெட்டியிலும் அது கிடையாது என்பதால் நம்பி இருக்காதீர்கள். வேலை நாளின் நடுவில் செய்யாமல் வாரக் கடைசியில் செய்வதும், போனில் ஹாட்ஸ்பாட் தயாராக வைத்திருப்பதும் உங்கள் பயத்துக்குப் போதுமான மருந்து.

முடிந்ததும் அமைப்புகளை ஒரு சுற்று பாருங்கள், அப்டேட் சிலவற்றைப் பழைய நிலைக்குத் திருப்பிவிடும். வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதி அணைந்திருக்கிறதா, டபிள்யூபிஎஸ் (பொத்தானாலோ பின் எண்ணாலோ வைஃபையில் சேர்க்கும் வசதி) அணைந்திருக்கிறதா, டிஎன்எஸ் முகவரி நீங்கள் வைத்ததுதானா என்று பாருங்கள். அட்மின் பாஸ்வேர்ட் இன்னும் பெட்டியோடு வந்ததாகவே இருந்தால் அன்றே மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்ட் வேறு, அட்மின் பாஸ்வேர்ட் வேறு, பலர் ஒன்றை மாற்றிவிட்டு இரண்டும் மாறிவிட்டதாக நினைக்கிறார்கள். 2024 பிப்ரவரியில் கலைக்கப்பட்ட மூபாட் பாட்நெட், மாற்றப்படாத அட்மின் பாஸ்வேர்ட் வழியாகத்தான் யுபிக்விட்டி ரூட்டர்களுக்குள் போனது. அந்த இடத்தில் ஃபர்ம்வேர் எவ்வளவு புதியதாக இருந்தாலும் காப்பாற்றாது.

கல்தூண்:

இந்தத் திரியைப் படித்துவிட்டு என் ரூட்டரைப் பார்த்தேன். கடைசி ஃபர்ம்வேர் 2017. கம்பெனியின் தளத்தில் ‘ஆதரவு முடிந்தது’ என்று போட்டிருக்கிறார்கள். வேகத்தில் குறையே இல்லை, தூக்கிப்போட மனம் வரவில்லை. ஓபன்டபிள்யூஆர்டி என்ற மாற்று ஃபர்ம்வேர் போட்டால் பிழைக்குமா?

வலைப்பொறி:

பிழைக்கலாம், பெட்டியைப் பொறுத்தது. ஓபன்டபிள்யூஆர்டி 2004-லிருந்து வளர்ந்துவரும் திறந்த மூல ஃபர்ம்வேர். கம்பெனி கைவிட்ட எத்தனையோ பெட்டிகளுக்கு அது இன்னும் திருத்தம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அவர்கள் தளத்தின் வன்பொருள் அட்டவணையில் உங்கள் மாதிரியை வன்பொருள் பதிப்போடு சேர்த்துத் தேடுங்கள். 4 எம்பி ஃப்ளாஷ், 32 எம்பி ரேம் உள்ள பழைய பெட்டிகளுக்கு இப்போதைய பதிப்புகள் பொருந்தாது. 19.07 தொடர்தான் அவற்றுக்குக் கடைசி, அதற்கும் ஆதரவு முடிந்துவிட்டது. அதைப் போட்டால் ஒரு பழைய ஃபர்ம்வேருக்குப் பதில் இன்னொரு பழைய ஃபர்ம்வேர், அவ்வளவுதான். அட்டவணையில் இல்லையென்றால் தயவுசெய்து அந்தப் பெட்டிக்கு ஓய்வு கொடுங்கள். அதை உள்ளே வைஃபை நீட்டிப்பானாக வைக்கலாமா என்று கேட்பீர்கள். இணையத்தை நேராகப் பார்க்காது என்பதால் ஆபத்து குறையும், ஆனால் நான் வைக்க மாட்டேன்.

நூலேணி:

கல்தூண் மட்டுமல்ல, இது பரவலான நிலை. ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் எஃப்கேஐஇ ஆய்வு நிறுவனம் 2020-ல் விற்பனையில் இருந்த 127 வீட்டு ரூட்டர்களின் ஃபர்ம்வேரைப் பரிசோதித்தது. அவற்றில் 46-க்கு ஒரு வருடமாக எந்தப் பாதுகாப்பு அப்டேட்டும் வரவில்லை. எல்லாப் பழியையும் வீட்டுக்காரர் தலையில் கட்டுவது எனக்குக் கோபம் வரவழைக்கும் விஷயம். கம்பெனி தராத அப்டேட்டை யார் எப்படிப் போடுவது?

சட்டம் மெல்ல வந்துகொண்டிருக்கிறது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு இணையும் வீட்டுப் பொருளை விற்கிறவர்கள் பாதுகாப்பு அப்டேட் குறைந்தது எதுவரை வரும் என்று அறிவிக்க வேண்டும், எல்லாப் பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்ட் வைத்து விற்கவும் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டத்தில் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பரில் அமலுக்கு வருகின்றன, ஆதரவுக் காலம் பொதுவாக ஐந்து வருடமாவது இருக்க வேண்டும். நம்மில் பலர் இந்த நாடுகளில் இல்லை. ஆனால் ஒரே மாதிரியை அங்கும் விற்கும் கம்பெனி என்றால், அங்கே அறிவித்திருக்கும் தேதியைத் தேடிப் பார்க்கலாம். புதிய ரூட்டர் வாங்கும்போது ஆன்டெனா எத்தனை என்று பார்ப்பதற்கு முன் அந்தத் தேதியைப் பாருங்கள் கல்தூண். பல வருடமாகக் கிடங்கில் இருந்த மாதிரி என்றால் வாங்கும் நாளிலேயே ஆதரவின் பாதி முடிந்திருக்கும்.

இன்னொன்றைச் சொல்ல விட்டுப்போனது. அப்டேட் என்பது கதவை அடைப்பது. ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டவரை அது வெளியேற்றும் என்பது உறுதியில்லை. ஏசுஸ் ரூட்டர்கள் சில ஆயிரங்களில் ஒரு பின்கதவைக் கண்டதாக 2025 மே மாதம் கிரேநாய்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது. தாக்கியவர்கள் ரூட்டரின் சொந்த அமைப்பையே பயன்படுத்தி எஸ்எஸ்எச் வசதியை (தூரத்திலிருந்து உள்நுழைந்து கட்டளை கொடுக்கும் வழி) இயக்கி, தங்கள் சாவியை அதில் பதிந்துவிட்டார்கள். அமைப்புகள் தனி நினைவகத்தில் இருப்பதால் புதிய ஃபர்ம்வேர் போட்டாலும் அந்தச் சாவி அப்படியே இருக்கும். 2018-ல் பரவிய விபிஎன்ஃபில்டர் என்ற தீய நிரல் நினைவிருக்கலாம். 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் சாதனங்கள் மாட்டின. எஃப்பிஐ எல்லோரையும் ரூட்டரை அணைத்துப் போடச் சொன்னது. ஆனால் அதன் முதல் கட்ட நிரல் மறுதொடக்கத்துக்கும் அசையவில்லை, ஃபேக்டரி ரீசெட்தான் (பெட்டியை வாங்கியபோது இருந்த அமைப்புக்கே திருப்புவது) செய்ய வேண்டியிருந்தது.

அதனால் ரொம்ப காலம் அப்டேட் இல்லாமல் இருந்த பெட்டிக்கு நான் சொல்வது: முதலில் அப்டேட், பிறகு ஃபேக்டரி ரீசெட், பிறகு அமைப்புகளைக் கையால் புதிதாகப் போடுவது. பேக்கப் கோப்பை அப்படியே திரும்ப ஏற்றினால் கெட்ட அமைப்பும் கூடவே வந்துவிடும். படம் பிடித்து வைக்கச் சொன்னது இதற்கும் உதவும்.

கடலோடி:

கையால் போடுவது பெரிய வேலை என்று தோன்றலாம். இணைப்பு விவரம், வைஃபை பெயர், பாஸ்வேர்ட் மூன்றும் கையில் இருந்தால் அரை மணி நேர வேலைதான். பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையுமே வையுங்கள், அப்போது போன், டிவி எதையும் மறுபடி சேர்க்க வேண்டியதில்லை. பிரிண்டர் சேரவில்லையென்றால் 2.4-ஐத் தனிப் பெயரில் பிரித்துவிடுங்கள், நான் அலைந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

மின்மினி:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இன்று காலை முடித்துவிட்டேன். விளக்குகள் எல்லாம் அணைந்திருந்த நேரத்தில் கொஞ்சம் பதற்றமாகத்தான் இருந்தது, ஆனால் யாரையும் தொடவிடவில்லை. ரீசெட்டும் செய்து அமைப்புகளைக் கையாலேயே போட்டேன். பிரிண்டர் முதலில் சேரவில்லை, கடலோடி அண்ணா சொன்னபடி பிரித்ததும் சேர்ந்துவிட்டது.

ஆதரவு எதுவரை என்று கம்பெனியின் தளத்தில் போடவில்லை, மின்னஞ்சலில் கேட்டிருக்கிறேன். ஒரே ஒரு கேள்வி பாக்கி. மாடியில் இதே கம்பெனியின் மெஷ் துணைப் பெட்டி (வைஃபையை மாடிவரை கொண்டுபோவது) ஒன்று இருக்கிறது. கீழே உள்ளதை அப்டேட் செய்தால் அதுவும் சேர்ந்து மாறிவிடுமா?

வலைப்பொறி:

ஒன்றாகவே விற்கும் மெஷ் தொகுப்புகளில் பெரும்பாலும் ஆப்பே எல்லாப் பெட்டிகளையும் வரிசையாக அப்டேட் செய்துவிடும். நீங்கள் பின்னால் தனியாக வாங்கிச் சேர்த்தது என்றால் தனியாகச் செய்ய வேண்டியிருக்கலாம். ஆப்பில் அந்தப் பெட்டியின் பெயரைத் தட்டினால் அதன் பதிப்பு எண் தனியாகத் தெரியும். நீங்கள் ஃபேக்டரி ரீசெட் செய்திருப்பதால் மாடிப் பெட்டி இப்போது தொடர்பே இல்லாமலும் இருக்கலாம். முதலில் அதைத் திரும்பச் சேருங்கள், பிறகு எண்ணைப் பாருங்கள். பழையதாக இருந்தால் கீழே கொண்டுவந்து கேபிளில் இணைத்துவிட்டு அப்டேட் கொடுங்கள்.

மின்மினி:

நீங்கள் சொன்னதுபோலவே துண்டித்துப்போயிருந்தது. சேர்த்துவிட்டுப் பார்த்தால் பதிப்பு எண் பழையதுதான். பெட்டியைக் கீழே கொண்டுவந்துவிட்டேன், கேபிள் தேடிக்கொண்டிருக்கிறேன்.